ஆள் கொறைஞ்சா பூமிக்கு நல்லதாமே, பைப்பைக் கேட்டுப் பாருங்க

"பணக்கார நாட்டுல எல்லாம் ஜனத்தொகை குறையுதாமே சார், பூமிக்கு நல்லதுதானே?"ன்னு எங்க பேசப் போனாலும் யாராவது ஒருத்தர் கேட்டுடறாங்க. நான் குடிதண்ணி லைன் டிசைன் பண்றவன், எனக்கு உடனே ஞாபகம் வர்றது கிழக்கு ஜெர்மனிதான்.

அங்க ஹோயர்ஸ்வெர்டான்னு ஒரு ஊர். பழுப்பு நிலக்கரி வேலைக்கு வந்தவங்களுக்காக வரிசையா அடுக்குமாடி கட்டினாங்க, 1980 வாக்குல கிட்டத்தட்ட 70,000 பேர் இருந்தாங்க. 1990-ல ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணாச்சு, வேலை போச்சு, வயசுப் பசங்க மேற்குப் பக்கம் கெளம்பிட்டாங்க, பொறப்பும் சரிஞ்சுது, இப்போ பாதி ஜனம்கூட இல்ல. ஆனா மண்ணுக்குள்ள கெடக்கற பைப் அந்த 70,000 பேர் கணக்குக்குப் போட்டது.

பெரிய பைப்ல கொஞ்சூண்டு தண்ணி போனா அது ஓடாது, தேங்கும். நாள்கணக்குல உள்ளயே கெடந்து துரு நெறத்துல வரும், கிருமி வளரும். சாக்கடை லைன் இன்னும் மோசம், ஓட்டம் இல்லாம கசடு அடியில படிஞ்சு அழுகும், அழுகின முட்டை நாத்தத்தோட ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கெளம்பும், அது பைப்போட மேல்பக்க ஈரத்துல ஆசிடா மாறி கான்கிரீட்டையே அரிச்சுடும். அப்புறம் என்ன, ஹைட்ரன்ட்டை, அதான் ரோட்டோரத்துல தீயணைப்புக்கு வெச்ச குழாயைத் திறந்து சுத்திகரிச்ச நல்ல தண்ணியையே ஊத்திக் கழுவ வேண்டியதுதான். ஒரு பக்கம் தண்ணிய மிச்சம் பிடிங்கன்னு போர்டு, இன்னொரு பக்கம் இது!

பில்லும் ஏறும், ஏன்னா செலவுல பெரும்பங்கு பைப்புக்கும் பம்புக்கும்தான், அதை இப்போ கொஞ்சம் பேர்தான் கட்டணும். அவங்க பயந்து இன்னும் சிக்கனமா இருக்க, ஓட்டம் இன்னும் குறையும்.

காத்து சுத்தமாச்சே, அது நல்லதில்லையான்னு கேப்பீங்க. ஆச்சு, ஆனா முக்கியக் காரணம் ஆள் கொறைஞ்சது இல்ல, பழைய ஃபேக்டரிங்க மூடினதும் நிலக்கரி அடுப்பு போனதும்தான்.

2002-ல அரசாங்கமே காலி வீடுகளை இடிக்கத் திட்டம் போட்டுச்சு. ஊர் ஓரத்துலேர்ந்து இடிச்சுக்கிட்டே உள்ள வரணும், நடுவுல இடிச்சா கடைசி பில்டிங்குக்காக லைன் அப்படியே உயிரோட இருக்கணும். பைப்பை சின்னதா மாத்தலாம்னா தீயணைப்புக்கு இவ்வளவு தண்ணி வேணும்னு ஒரு கணக்கு குறுக்க நிக்கும்.

நாங்க காலேஜ்ல படிச்ச ஜனத்தொகை ஃபார்முலா எல்லாமே எவ்வளவு கூடும்னு பாக்கறதுதான். 30 வருஷத்துக்கு டிசைன் பண்றோம், கிராஃப் கீழ வந்தா என்ன பண்றதுன்னு எங்க வாத்தியார் ஒருத்தரும் சொல்லித் தரல.