ஆத்தூர் வெள்ளமும் பரங்கிப்பேட்டையின் மிதவையுயிரிகளும்

சேர்வராயன் மலையிலிருந்து இறங்கிச் சேலம் நகரைக் கடக்கும் திருமணிமுத்தாறு காவிரிக்குப் போய்விடுகிறது. ஆத்தூர் வழியாக ஓடும் வசிஷ்ட நதியோ, கல்வராயன் சரிவுகளின் நீரையும் வாங்கிக்கொண்டு வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. ஆழம் குறைந்த அந்தக் கழிமுகத்தின் கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருப்பதால், அங்குள்ள தாவர மிதவையுயிரிகள், அதாவது நீரில் மிதந்தபடி ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்கள், பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றன.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை, வயல்களின் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும், மலைப்பாறை சிதைந்து கரைந்த சிலிக்கேட்டையும் கழிமுகத்துக்குக் கொண்டு சேர்க்கிறது. ஆனால் இவ்வளவு ஊட்டம் வந்து குவியும் அதே மாதங்களில்தான் மிதவையுயிரிகளின் எண்ணிக்கை அங்கே மிகவும் குறைந்திருக்கிறது.

வெள்ள நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சன்னலோரம் வைத்தால் பாதிக் காரணம் விளங்கிவிடும். முதல் நாள், பாட்டிலுக்குப் பின்னால் பிடித்த விரல்கூடத் தெரியாது. வண்டல் படிந்து நீர் தெளிந்த சில நாட்களில், வெயில் படும் பக்கத்தில் மெல்லிய பச்சை படரத் தொடங்கும். (அது பெரும்பாலும் கண்ணாடியில் ஒட்டி வளரும் பாசிதான், மிதப்பவற்றுக்கும் கணக்கு அதுவே.) ஊட்டம் முதலிலிருந்தே இருந்தது, ஒளிதான் நுழையவில்லை.

மீதிக் காரணம் ஓட்டம். நல்ல சூழலில், இந்த மிதவையுயிரிகளில் ஒரு வகையான டயாட்டத்தின் செல் ஒன்று இரண்டாகப் பிரிய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்; அதற்குள் வெள்ளம் அதைக் கடலுக்குத் தள்ளிவிட்டால் கூட்டம் சேர வழியில்லை. உப்புத்தன்மை சட்டென்று குறைவதும் கடல்சார் இனங்களை வாட்டுகிறது.

வெள்ளம் வடிந்து, நீர் தெளிந்து, ஓதம் கடல்நீரை உள்ளே ஏற்றும்போது நிலைமை மாறுகிறது. சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் டயாட்டங்கள் பெருகி, கோடையில் உச்சத்தை எட்டுகின்றன. நம் மலைகளின் சார்னோக்கைட் பாறையிலிருந்து கரைந்ததும் அந்த ஓட்டில் இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு வியப்பு தீர்வதில்லை. ஆழ்கடலில் அடியில் விழுந்த ஊட்டம் எளிதில் மேலே வராது; இங்கோ காற்றும் ஓதமும் அடிச்சேற்றைக் கிளறி அதை மீண்டும் நீரில் கலந்துவிடுகின்றன.

நைட்ரேட் எஞ்சியிருக்கச் சிலிக்கேட் மட்டும் தீர்ந்துபோனால், டயாட்டங்கள் பின்தங்கி, சிலிக்கா தேவைப்படாத டைனோஃபிளாஜெல்லேட் போன்ற வேறு மிதவையுயிரிகள் முந்திக்கொள்கின்றன. மழை பொய்த்து ஆற்றுநீர் போதுமான அளவு கடலைத் தொடாத ஆண்டுகளில் அதற்கான வாய்ப்பு கூடுகிறது.