டம்ளரில் இல்லை சயரோகம்

போன கிழமை ஒரு தாய் தன் மகனைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் டிஸ்பென்சரிக்கு வந்தார். மகன் புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்பவர். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) இருமி இருமி, குடிக்கத் தண்ணீர் கேட்டார். எங்கள் கிளாஸை நீட்டியதும் தாய் தடுத்துவிட்டு, பையிலிருந்து ஒரு சில்வர் டம்ளரை எடுத்தார். அதன் அடியில் சிவப்பு நெயில் பொலிஷில் ஒரு பொட்டு.

"வீட்டுல மத்ததோட கலந்துறக் கூடாது டொக்டர், அதுக்குத்தான்."

சயரோகக் (டி.பி.) குளிசையை எத்தனை மாதம் போட்டார் என்று கேட்டேன். "ரெண்டரை மாசம். உடம்பு தேறிருச்சு, நிப்பாட்டிட்டான்."

ஒரு வருடமாக டம்ளரைக் கண்ணும் கருத்துமாகப் பிரித்து வைத்த வீடு, குளிசையை ரெண்டரை மாதத்தில் விட்டுவிட்டது. இந்த மாதத்தில் எனக்கு இப்படி வந்த மூன்றாவது ஆள் இவர். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

டம்ளரால் சயரோகம் பரவாது. தட்டால் பரவாது. ஒரே சட்டியில் சோறு போட்டுச் சாப்பிட்டால், ஒரே துவாயால் துடைத்தால், கட்டிலில் உட்கார்ந்தால், கை கொடுத்தால் பரவாது. பரம்பரையாகவும் வராது, "அவங்க குடும்பத்துல இருக்கு" என்று கல்யாணப் பேச்சை முறிப்பவர்கள் இதை இன்னொரு தடவை வாசிக்கவும். நுரையீரலில் நோய் இருப்பவர் இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியை மற்றவர் சுவாசிப்பதால்தான் பரவுகிறது. டம்ளரை வெந்நீரில் கழுவிவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் ஐந்து பேர் படுப்பதில் என்ன பாதுகாப்பு? ஜன்னலைத் திறவுங்கள். இருமும்போது வாயை மூடுங்கள், முதல் வாரங்களில் மாஸ்க் போடுங்கள். சரியான மருந்தைத் தவறாமல் எடுத்தால், பொதுவாக இரண்டு வாரத்தில் பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். டம்ளர் செய்யாத வேலையைக் குளிசை செய்கிறது.

ஆனால் இரண்டு வாரத்தில் குறைவது பரவல். நோய் மாற 6 மாதம் வேண்டும்: முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் இரண்டு. இடையில் விட்டவருக்கு மிஞ்சிய கிருமி மருந்துக்கு மசியாததாக மாறலாம். பிறகு வேறு மருந்து, கூடுதல் காலம், கூடுதல் வேதனை. இந்த மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரைத் தோடம்பழ நிறமாக்கும், அதற்குப் பயந்து நிறுத்தாதீர்கள். கண் மஞ்சளித்தாலோ, பச்சை சிவப்பு மங்கலாகத் தெரிந்தாலோ அன்றே கிளினிக்குக்கு ஓடுங்கள். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் கெடுத்துவிடும்.

அப்புறம், இருமலுக்குக் கொத்தமல்லி குடிப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. இரண்டு வாரம் தாண்டியும் குடித்துக்கொண்டே இருந்தால் ஆட்சேபனை உண்டு. துண்டு இல்லாமல் பாமசியில் லெவோஃப்ளொக்சசின் என்ற அன்டிபயோட்டிக்கை வாங்கிப் போடுவது அதைவிட மோசம். அது சயரோகக் கிருமியைக் கொஞ்சம் அடக்கி, ஆள் தேறியதுபோல் காட்டி, நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். கொடுப்பவர்களுக்கும் இது தெரியும்.

சளிப் பரிசோதனைக்குத் துப்பலைக் கொண்டு வராதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். போத்தல் நிறைய நுரை வருகிறது, லாபில் இருப்பவர்கள் பாவம். காலையில் எழுந்ததும், வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று, இரண்டு மூன்று தரம் ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சயரோகம் வரும் ஆபத்து அதிகம், அவர்கள் இன்னும் சீக்கிரம் வர வேண்டும். சின்ன வயதில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டது, பெரியவர்களுக்கு இந்த இருமலிலிருந்து காவல் அல்ல.

கொழும்பில் டீன்ஸ் வீதியில் மத்திய மார்பு நோய்க் கிளினிக் இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். "பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்தால் தோட்டமே பேசும்" என்ற பயம் எனக்குப் புரிகிறது, அதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். அங்கே போனதும் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். தினமும் மருந்து எடுக்க வசதியான இடத்தைக் கேட்டுப் பேசிக்கொள்ளலாம்.

அந்த மகனைத் துண்டோடு அங்கே அனுப்பினேன். மருந்தை நிறுத்தியவர் என்பதால், கிருமி மருந்துக்கு மசியாததாக மாறிவிட்டதா என்று காட்டும் ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை அவசியம் என்று எழுதியிருந்தேன். கதவருகே போனவர்களை நிறுத்தி, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டேன். அக்காவின் மகள், 3 வயது, மாமாவோடுதான் படுப்பாளாம்.

"அவளுக்குத் தனி டம்ளர் இருக்கு டொக்டர்" என்றார் தாய்.

இன்னொரு துண்டு எடுத்து அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதினேன்.