கணினி வரைந்த அலை உண்மையில் இருக்கிறதா?

ஆய்வு மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் படங்களில் ஒன்று அடிக்கடி வரும். நீர்ப்பரப்பில் ஒற்றை அலை, அதற்கு அடியில் ஒரு நீர்ச்சுழி, இரண்டும் வடிவம் மாறாமல் ஒரே வேகத்தில் நகர்கின்றன. "சார், கன்வெர்ஜ் ஆயிடுச்சு" என்பார்கள், அதாவது கணக்கு ஒரு விடையில் வந்து நின்றுவிட்டது என்று. அப்படியொரு அலை இருக்கிறது என்று யாராவது நிறுவியிருக்கிறார்களா என்று கேட்பேன். படம்தான் இருக்கிறதே, இன்னும் என்ன நிறுவ வேண்டும் என்று விழிப்பார்கள். அலைச் சமன்பாடுகளோடு வேலை செய்யும் மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் இந்தக் கேள்வியை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அடுக்குக்குறிச் சார்பு (eˣ) பூஜ்யத்துக்குச் சமம் என்று ஒரு சமன்பாட்டை எழுதி, பூஜ்யத்தில் தொடங்கி, விடையைப் படிப்படியாகத் திருத்திக்கொண்டே போகும் நியூட்டன் முறையில் தீர்க்கக் கணினியிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு படியிலும் விடை சரியாக 1 குறையும். 19ஆம் படியில் விடை −19. சமன்பாட்டில் மிஞ்சும் பிழை பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கும். பெரும்பாலான நிரல்களில் நாம் வைக்கும் வரம்பு அவ்வளவுதான், அதனால் 'தீர்வு கிடைத்தது' என்று நிரல் நின்றுவிடும். ஆனால் eˣ எங்குமே பூஜ்யம் ஆவதில்லை, அந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது. மிஞ்சும் பிழை சிறியது என்பதும் தீர்வு இருக்கிறது என்பதும் வேறு வேறு செய்திகள்.

நீரலைகளிலும் இது நடக்கிறது. மேற்பரப்பு இழுவிசையைச் சிறிதளவு சேர்த்துக்கொண்டு, ஆழம் குறைந்த நீரில் ஒரு தனியலையை, அதாவது வடிவம் மாறாமல் நகரும் ஒற்றை மேட்டை, கணக்கிட்டால் அழகான மேடு ஒன்று கிடைக்கும். அதன் இரு பக்கமும் மிக நுண்ணிய சிற்றலைகள் இருக்கும். அவை தொலைவு போகப் போக அடங்குவதே இல்லை. அவற்றின் உயரம் அவ்வளவு சிறியது என்பதால் படத்தில் கண்ணுக்குத் தெரியாது. இரு பக்கமும் முழுதாக அடங்கிப்போகும் உண்மையான தனியலை அங்கே இல்லை என்று எஸ். எம். சன் 1999இல் நிறுவினார். ஆழ்ந்த நீரில் கதை இன்னும் கறார். ஈர்ப்பு மட்டும் இயக்க, நீர்த்துகள்கள் தம்மைத்தாமே சுற்றாத (சுழிப்பு இல்லாத) இரு பரிமாண ஓட்டத்தில் தனியலையே கிடையாது என்பது ஹுர் 2012இலும், அலைவடிவம் எப்படி அடங்குகிறது என்ற கூடுதல் நிபந்தனைகள் இல்லாமல் இஃப்ரிமும் டட்டாருவும் 2020இலும் நிறுவிய முடிவு.

சரி, சுழிக்கு வருவோம். சுழிப்பு என்று நான் சொல்வது நீர்த்துகள் தன்னைத்தானே சுற்றும் அளவை. அது நீர் முழுக்கப் பரவாமல் ஓரிடத்தில் மட்டும் குவிந்திருந்தால் என்ன ஆகும்? பாகுத்தன்மை இல்லாத இரு பரிமாண ஓட்டத்தில் ஒவ்வொரு துகளும் தன் சுழிப்பை மாற்றாமல் சுமந்துகொண்டே போகும். அலையோடு கூடவே நகரும் ஒருவர் பார்த்தால், எதிர்ப்பக்கம் வெகு தொலைவிலிருந்து நீர் வந்து, அலைக்கு அடியில் புகுந்து, பின்னால் போய்விடும். தொலைவில் சுழிப்பு பூஜ்யம். ஆகவே அங்கிருந்து வரும் எந்தத் துகளும் அலைக்கு அடியிலும் சுழிப்பு இல்லாமல்தான் இருக்கும். அப்படியானால் சுழிப்புள்ள துகள்கள் வெளியிலிருந்து வந்தவையாக இருக்க முடியாது. அவை அலைக்கு அடியிலேயே மூடிய பாதையில் சுற்றிக்கொண்டு கூடவே பயணம் செய்ய வேண்டும். மூடிய பாதை என்றால் அதற்குள் நீர் அசையாமல் நிற்கும் ஒரு தேக்கப் புள்ளி இருந்தே ஆக வேண்டும்.

ஆய்வேடுகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை இங்கேதான் நுழைகிறது. சுழிப்புள்ள அலைகளுக்கு ஆதாரமாக 2004இல் கான்ஸ்டன்டினும் ஸ்ட்ராஸும் வெளியிட்ட தேற்றத்தை மேற்கோள் காட்டிவிடுவார்கள். அருமையான தேற்றம், பெரிய அலைகளுக்கும் பொருந்தும். ஆனால் அது 1934இல் டுப்ரேய்-ஜகோட்டான் கொண்டுவந்த உருமாற்றத்தின் மேல் நிற்கிறது. ஆழத்துக்குப் பதிலாக, நீர் செல்லும் திசையைக் காட்டும் ஓட்டக்கோடுகளையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் முறை அது. தேக்கப் புள்ளி ஒன்று வந்தாலும் அந்த அளவுகோல் உடைந்துவிடும். குவிந்த சுழிப்போ தேக்கப் புள்ளி இல்லாமல் வராது. எனவே அந்தத் தேற்றம் இந்த அலையைத் தொடுவதே இல்லை.

இதற்கான தேற்றம் 2013இல் வந்தது. ஷாத்தா, வால்ஷ், ஸெங் ஆகிய மூவரும் ஈர்ப்பும் மேற்பரப்பு இழுவிசையும் சேர்ந்து இயங்கும் இரு பரிமாண நீரில், ஒரு புள்ளிச் சுழியையோ (சுழிப்பு முழுதும் ஒரே புள்ளியில் குவிந்தது) சிறிய சுழித் திட்டையோ (சுழிப்பு ஒரு சிறு பகுதிக்குள் அடங்கியது) சுமந்து நகரும் அலைகள் இருக்கின்றன என்று நிறுவினார்கள். ஓட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். நீர்ப்பரப்புக்கு மேலே எதிர்த்திசையில் சுற்றும் ஒரு பிம்பச் சுழியைக் கற்பனை செய்து, சுழியும் பிம்பமும் தரும் ஓட்டத்தை நேரடியாக எழுதிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது சுழிப்பில்லாத ஓட்டம், அதைப் பரப்பின் வடிவமே தீர்மானித்துவிடும். அப்புறம் அசைவற்ற நீரிலிருந்து தொடங்கி, சுழியின் வலிமையைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு தீர்வுகளைப் பின்தொடர்கிறார்கள்.

இந்த நிறுவலிலிருந்து கைக்கு உதவும் ஒரு சோதனையும் கிடைக்கிறது. அலையின் வேகத்தை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. வலிமை குறைந்த சுழிக்கு அந்த வேகம், சுழியின் வலிமையை, அது நீர்ப்பரப்புக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அந்த ஆழத்தின் 4π மடங்கால் வகுத்தால் கிடைப்பதை நெருங்க வேண்டும். 1 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 0.5 சதுர மீட்டர் வலிமையுள்ள சுழி என்றால் நொடிக்குச் சுமார் 4 சென்டிமீட்டர். உங்கள் நிரலில் வலிமையைக் குறைத்துக்கொண்டே வரும்போது வேகம் இந்தக் கோட்டில் வந்து சேரவில்லை என்றால் நிரலைச் சந்தேகியுங்கள். கணக்கிடும் பெட்டியின் நீளத்தையும் இரட்டிப்பாக்கிப் பாருங்கள். ஓரங்களில் அடங்காத சிற்றலை இருந்தால் அப்போது சிக்கும். ஆய்வேட்டில் இரு பரிமாணம், பாகுத்தன்மை இல்லை, சிறிய வீச்சு, சிறிய சுழிப்பு என்று தேற்றத்தின் நிபந்தனைகளையும் படத்தின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். புள்ளிச் சுழியின் மையத்தில் வேகம் எல்லையின்றி ஏறுவது உறுத்துகிறது என்றால், எர்ன்ஸ்ட்ரோம், வால்ஷ், ஸெங் பிற்பாடு செய்த வேலையைப் படியுங்கள். சுழிப்பு சீராகவும், தொலைவில் அடுக்குக்குறி வேகத்தில் அடங்குவதாகவும் உள்ள அலைகளை அவர்கள் நிறுவியிருக்கிறார்கள். ஆனால் அவை இடம்விட்டு நகராத அலைகள் என்பதைக் கவனியுங்கள்.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. நேரத்தில் ஓடவிட்ட சிமுலேஷனில் அலை கலைந்துபோனதும் 'தீர்வு இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஸ்டோக்ஸ் 1847இல் தொடராக எழுதிய அலைகள் உண்மையில் இருக்கின்றன என்று நெக்ராசோவ் 1921இலும் லெவி-சிவிட்டா 1925இலும் நிறுவினார்கள். அதே அலைகள் ஆழ்ந்த நீரில் சிறு சலனத்துக்கே குலைந்துவிடும் என்று 1967இல் பெஞ்சமினும் ஃபெயரும் காட்டினார்கள். இருப்பது வேறு, நிலைத்திருப்பது வேறு. புள்ளிச் சுழியைச் சுமந்து செல்லும் தனியலைக்கு அந்த இரண்டாவது கேள்வியை வார்ஹோல்ம், வாலேன், வால்ஷ் 2020இல் எடுத்துக்கொண்டு, சில நிபந்தனைகளோடு அது நிலைப்புள்ளதே என்று நிறுவினார்கள். உங்கள் சிமுலேஷனில் அந்த அலை சட்டென்று கலைந்துபோகிறது என்றால், முதலில் நேரப்படியைப் பாதியாக்கி மறுபடி ஓடவிடுங்கள்.