ஹாட் ராடின் முன் ஆக்ஸில்: பூட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள்

பழைய காரைப் பிரித்து, மாற்றி, வேகத்துக்காகக் கட்டும் வண்டியே ஹாட் ராட். 1927 இறுதியில் வெளிவந்த மாடல் ஏ முதல் 1948 வரை ஃபோர்டு கார்களின் முன்பக்கம் அடிப்படையில் ஒரே அமைப்பாகவே இருந்தது: ஐ-வடிவ உருக்கு ஆக்ஸில், அதன் மேல் குறுக்காக ஒரே ஒரு கமான் பட்டை, இரு முனைகளிலும் கிங் பின் என்ற செங்குத்துத் தண்டில் திரும்பி, சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டில்கள், ஆக்ஸிலை முன்பின் நகரவிடாமல் பிடிக்கும் விஷ்போன் என்ற கவைக்கம்பி. இந்த ஒற்றுமையால்தான், 1939-இல் ஃபோர்டு கொண்டுவந்த ஹைட்ராலிக் பிரேக்கை 1940-களின் ஸ்பிண்டிலோடு சேர்த்து, 1932-ஆம் ஆண்டு ரோட்ஸ்டரில் பொருத்த முடிகிறது. ஆனால் 'இந்த ஆண்டு முதல் அந்த ஆண்டு வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிப் பூட்டப்பட்ட வண்டிகளே என் பட்டறைக்குப் பழுதாக அதிகம் வருகின்றன.

கமான் பட்டையின் முனையைத் தாங்கி, விஷ்போனையும் ஆக்ஸிலையும் சேர்த்துப் பிடிப்பது பெர்ச் போல்ட். ஆக்ஸிலில் அது நுழையும் இடத்தின் பருமன் எல்லா ஆண்டுகளிலும் ஒன்றாக இருந்ததில்லை. அதைக் கவ்வும் விஷ்போனின் வாய் அந்தப் பருமனுக்கேற்பச் செய்யப்பட்டது. வாய் அகலமாக இருந்தால் சிலர் நட்டை முறுக்கியே இடைவெளியை மூடிவிடுகிறார்கள். அப்போது கவையின் கை நிரந்தரமாக வளைந்த நிலையில் நின்று, ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் சிறிது வளைகிறது. சரியான கனத்தில் கடைந்த வளையத்தை இடையில் வைத்துப் பூட்டுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

பழைய ஸ்பிண்டிலைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் விரிசல் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது. அண்மையில் ஒருவர் புதிதாகப் பெயின்ட் அடித்த ஒரு ஜோடி ஸ்பிண்டில்களைக் கொண்டுவந்தார். பெயின்ட்டை முழுவதும் நீக்கி, சிவப்புச் சாய ஊடுருவியைப் பூசி, காத்திருந்து துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளித்தோம். சக்கர பேரிங் அமரும் தண்டு அடிப்பகுதியோடு சேரும் வளைவில், தலைமயிர் போன்ற ஒரு சிவப்புக் கோடு மெல்லமெல்ல எழும்பி, விரல் நகத்தின் அகலத்துக்கு நீண்டது. அந்த வளைவில்தான் சக்கரத்தின் சுமை முழுவதும் வந்து குவிகிறது. அந்த ஸ்பிண்டிலை வெல்டிங் வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று அவர் கேட்டார். முடியாது, வெட்டி எறிந்துவிடுமாறு சொன்னேன். ஸ்பிண்டிலைத் திருப்பும் கையான ஸ்டீயரிங் ஆர்முக்கும் இதே விதி.

குரோம் பூசிய பாகங்களைப் பற்றி இன்னும் கவலையோடு எழுதுகிறேன். பூச்சுத் தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன், கடினமாக்கப்பட்ட உருக்குக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுடையதாக ஆக்கும். பூசிய சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 190 முதல் 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அதைச் செய்தோம் என்று பூசுகிறவர் உறுதி சொல்லாவிட்டால், ஸ்டீயரிங் ஆர்மையும் அதன் போல்ட்டையும் குரோமுக்கு அனுப்பாதீர்கள். பிளவு உள்ளேயே தொடங்குவதால் போல்ட் முறியும் நாள்வரை பளபளப்பு சிறிதும் குறையாது.

கிங் பின் பொருத்துவது லாரி மெக்கானிக்குகள் நன்கறிந்த வேலைதான். கிங் பின் சுழலும் உலோக உறைகளான புஷ்களைப் புதிதாக அழுத்தி ஏற்றும்போது கிரீஸ் துளை நிப்பிளுக்கு நேராக வருகிறதா என்று பார்த்த பிறகு, மேல் புஷ்ஷும் கீழ்ப் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் அமையும்படி துளையைச் சீராகக் கடையும் நீண்ட ரீமர் கொண்டு இரண்டையும் ஒரே ஓட்டத்தில் விரித்தெடுக்க வேண்டும். தனித்தனியாக விரித்தால் கிங் பின் இறுகும். பலர் அதைச் சுத்தியால் அடித்து இறக்குகிறார்கள். எண்ணெய் தடவிய பின் கட்டைவிரல் அழுத்தத்திலேயே இறங்க வேண்டும், ஆட்டமும் இருக்கக் கூடாது. வண்டியின் எடை ஆக்ஸில் வழியாக ஸ்பிண்டிலின் கீழ்க் காதின் மேல்தான் இறங்குகிறது. ஆகவே அந்த எடையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் ஆக்ஸிலின் அடியில், அதன் மூடிய பக்கம் மேலே இருக்கும்படி அமைய வேண்டும். மீதமுள்ள இடைவெளியை ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைத்து மேற்பக்கத்தில் எடுக்கலாம். கிங் பின்னின் வெட்டு பூட்டு ஊசிக்கு நேராக வந்த பிறகே ஊசியை இறக்குங்கள்.

கமான் பட்டையின் முனைகளைப் பிடித்து ஊசலாடும் இணைப்புகளான ஷாக்கிள்கள், எஞ்சினும் உடலும் ஏறிய எடையில் ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் நிற்க வேண்டும். வெறும் சட்டத்தில் அழகாக நின்ற ஷாக்கிள், எடை ஏறியதும் படுத்துவிட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் பட்டையின் நீளம் பொருந்தவில்லை என்று பொருள். ஷாக்கிளை நீட்டித்துச் சமாளிக்கக் கூடாது.

காஸ்டரையும், அதாவது கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாயும் கோணத்தையும், அதே போல எடையோடு, ஓட்டப்போகும் டயர்களோடு, ஓடும் உயரத்தில் அளக்க வேண்டும். வண்டியின் மூக்கு ஒரு டிகிரி தாழ்ந்தால் காஸ்டரும் ஒரு டிகிரி குறையும். 5 முதல் 7 டிகிரி வரை நான் வைப்பது வழக்கம். குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் கட்டுக்கடங்காமல் உதறுவதாகச் சொல்லி, அதிர்வு தாங்கியையும் டயர்களையும் மாற்றிப் பார்த்துவிட்டு ஒருவர் வந்தார். அளந்தபோது காஸ்டர் ஒரு டிகிரிகூட இல்லை. முன் சக்கரங்கள் முன்பக்கத்தில் உள்நோக்கி நெருங்கும் டோ-இன் அளவை எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் போகவிட வேண்டாம்.

விஷ்போனைப் பிளந்து சட்டத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியாகப் பூட்டுவது ஹாட் ராடுகளில் பழைய வழக்கம். அப்போது ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறினால் ஆக்ஸில் முறுக்கப்படும். ஐ-வடிவ ஆக்ஸில் அந்த முறுக்கைத் தாங்கி வளைந்து கொடுக்கும். குழாய் ஆக்ஸில் அவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்காது. ஆகவே பிளந்த விஷ்போனோடு குழாய் ஆக்ஸிலைச் சேர்க்க நான் உடன்படுவதில்லை. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து ஸ்டீயரிங் ஆர்முக்குச் செல்லும் கம்பியான டிராக் லிங்க் குறுக்காகச் செல்லும் ஸ்டீயரிங்குக்கு மாற்றினால், ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகரவிடாத பான்ஹார்ட் ராடும் கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் ஷாக்கிள்களில் உடல் பக்கவாட்டில் ஊசலாடி, சக்கரம் தானாகவே திரும்பும். பான்ஹார்ட் ராடை டிராக் லிங்க்குக்கு இணையாகவும் ஏறத்தாழ அதே நீளத்திலும் அமையுங்கள்.

ஸ்டீயரிங் மூட்டுகளிலும் பெர்ச் போல்ட்டிலும் காசில் நட்டின் (ஸ்பிளிட் பின் நுழையப் பள்ளங்கள் வெட்டிய நட்டு) பள்ளம் துளைக்கு நேராக வரவில்லையென்றால் அதைத் தளர்த்தாதீர்கள். அடுத்த பள்ளம் வரை இறுக்குங்கள், மிகவும் இறுகுமானால் வாஷரை மாற்றுங்கள். ஒருமுறை வளைத்த ஸ்பிளிட் பின்னை மறுபடி போடாதீர்கள். ஸ்டீயரிங்கை இரு எல்லை வரையிலும் திருப்பி, இரு சக்கரங்களையும் சேர்ந்து திரும்ப வைக்கும் டை ராடு விஷ்போனிலோ ஆக்ஸிலிலோ உரசுகிறதா என்று பாருங்கள். ஆக்ஸிலைத் தாழ்த்திய வண்டிகளில் இது அடிக்கடி நேர்கிறது. முதல் ஓட்டத்தைக் காலி மைதானத்தில் மெதுவாக முடித்துவிட்டு, சக்கரங்களைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். 100 மைல் ஓடிய பிறகு பட்டையின் யூ-போல்ட்டுகளை மீண்டும் முறுக்குங்கள்; புதுப் பட்டையின் தகடுகள் அதற்குள் படிந்து, முதல் நாள் வைத்த இறுக்கம் தளர்ந்திருக்கும்.