வெளிச்சம் போட்டு எடுக்கும் இருட்டு

ஹாரி பாட்டர் வரிசையில் 2001-ல் வந்த முதல் படத்தையும் 2009-ல் வந்த ஆறாம் படமான 'ஹாஃப்-பிளட் பிரின்ஸ்'ஸையும் அடுத்தடுத்துப் பாருங்கள். பள்ளி ஒன்றுதான், பிள்ளைகளும் அதே பிள்ளைகள்தான், வெளிச்சம்தான் வேறு. முதல் படத்தில் பொன்னிறமாக மின்னிய கல் சுவர்கள், ஆறாவதில் சாம்பலும் பாசிப்பச்சையுமாக மங்கிக் கிடக்கின்றன. இயக்கம் டேவிட் யேட்ஸ், ஒளிப்பதிவு புரூனோ டெல்போனல். 'அமெலி' படத்தில் பச்சையையும் சிவப்பையும் பொங்கவிட்டவர் இவர்தான். வரிசையின் எட்டுப் படங்களில் ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றது இது ஒன்று மட்டும். இதற்கு முந்தைய இரண்டு படங்களுக்கும் அமெரிக்காவில் பிஜி-13 சான்றிதழ் (13 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொருந்தாத காட்சிகள் இருக்கலாம் என்ற எச்சரிக்கை) கிடைத்தது. இதற்கோ அதைவிட இளகிய பிஜி. அப்படியும் பார்ப்பவர் மனதில் இதுதான் இருண்ட படமாக நிற்கிறது. நம் கண் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டு கட்டிய இருட்டு அது.

இரவை இரவிலேயே எடுத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். முழுநிலவின் ஒளி சூரிய ஒளியில் ஏறக்குறைய 4 லட்சத்தில் ஒரு பங்கு. நொடிக்கு 24 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் பொதுவாக 1/48 நொடி. அதற்குள் நிலவொளியை வாங்கிப் பதிய அன்றைய 35 மி.மீ. ஃபிலிமால் ஆகாது; பெரும்பாலும் வெறும் கறுப்புதான் மிஞ்சும். அப்படியே பதிந்தாலும், அது நம் கண் பார்த்த இரவாக இருக்காது. சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நிலவொளி நீலமே இல்லை. நிலவின் தரையில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளிதான் அது; கருவியால் அளந்தால் சூரிய ஒளியைவிடச் சற்றுச் சிவப்புப் பக்கமே சாய்ந்திருக்கும். நீலச் சாயல் நம் விழித்திரையில் உண்டாவது. அங்கே நிறம் பிரித்தறியும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். நிறம் அறியாத, ஆனால் மங்கல் ஒளிக்கு மிக நுட்பமான குச்சி செல்கள் சுமார் 12 கோடி. பகலில் நம் பார்வை அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளத்தில், அதாவது மஞ்சள் கலந்த பச்சையில். குச்சி செல்கள் பொறுப்பேற்கும் இருட்டில் அந்த உச்சம் 507 நானோமீட்டருக்கு, நீலப்பச்சைக்கு நகர்ந்துவிடும். சிவப்பு அவற்றுக்கு அநேகமாகத் தெரியாது. பொழுது சாயும்போது செம்பருத்தி கறுத்துப் போக, பக்கத்து இலைகள் மட்டும் வெளிறித் தெரிவது இதனால்தான். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு உடலியலாளர் புர்கின்யே இதைக் கவனித்து எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் இந்த விளைவைச் சொல்கிறோம்.

இப்போது திரையரங்குக்கு வருவோம். படம் ஓடும்போது வெண்மையான பகுதியின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா இருக்க வேண்டும் என்பது நடைமுறை அளவுகோல். அந்த வெளிச்சத்துக்குக் கூம்பு செல்கள் நன்றாகவே விழித்திருக்கும். குச்சி செல்கள் முழுத் திறனுக்கு வர 20 முதல் 30 நிமிடம் நல்ல இருட்டு வேண்டும். எதிரே திரை ஒளிர்ந்துகொண்டிருக்க அது நடக்காது. ஆகவே கதையில் இரவு நடக்கும்போதும் நாம் அதைப் பகல் கண்ணால்தான் பார்க்கிறோம். குச்சி செல்கள் செய்திருக்க வேண்டிய வேலையை ஒளிப்பதிவாளர் முன்கூட்டியே செய்து கொடுக்கிறார்: சிவப்பை வடிக்கிறார், நிறங்களின் அடர்த்தியைக் குறைக்கிறார், மிச்சத்தை நீலப்பச்சைப் பக்கம் சாய்க்கிறார்.

இதில் பெரும்பங்கு சினிமாக்காரர்கள் டிஐ என்று சொல்லும் கட்டத்தில் நடக்கிறது. ஃபிலிம் நெகட்டிவை ஸ்கேன் செய்து, ஒவ்வொரு ஃபிரேமையும் கணினியில் நிறம் திருத்தும் வேலை அது. முன்பு லேபில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மொத்த ஃபிரேமையும்தான் கூட்டிக் குறைக்க முடியும். டிஐயில் முகத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்குப் பின்னால் இருக்கும் சுவரை மட்டும் வெளிறச் செய்யலாம். ஆனாலும் படப்பிடிப்பில் விழாத நிழலைக் கணினியால் நம்பும்படி உண்டாக்குவது கடினம். முகத்தின் ஒரு பக்கம் விழும் கீ லைட்டுக்கும், மறுபக்க நிழலைத் தூக்கிக் கொடுக்கும் ஃபில் லைட்டுக்கும் உள்ள விகிதம்தான் இருட்டின் கனத்தைத் தீர்மானிக்கிறது. அது 2:1 என்றால் முகம் இயல்பாக இருக்கும். 8:1 என்றால் பாதி முகம் நிழலில் அமிழ்ந்துவிடும்.

கண் ஒளியை அளப்பதில்லை, ஒப்பிடுகிறது. ஃபிரேம் முழுக்கக் கறுப்பாக இருந்தால் நமக்கு இருட்டு என்ற உணர்வே வராது, படம் நின்றுவிட்டதோ என்றுதான் தோன்றும். எங்கோ ஒரு சிறு வெளிச்சம் இருந்தால்தான் சுற்றியிருப்பது கறுப்பாகும். 'ஹாஃப்-பிளட் பிரின்ஸ்'ஸில் வரும் கடலோரக் குகைக் காட்சியை இந்தக் கணக்கோடு பார்க்க வேண்டும். முதலில் மந்திரக்கோலின் நுனி வெளிச்சம் மட்டும்; குகையின் எல்லை எது என்றே தெரியாது. பிறகு தண்ணீருக்குள் ஹாரி இழுக்கப்படும்போது, மேலே நீர்ப்பரப்பு முழுவதும் ஆரஞ்சாகப் பற்றிக்கொள்கிறது. அதுவரை நிறம் குறைத்தே காட்டிப் பழக்கிய கண்ணுக்கு அந்த ஆரஞ்சு பல மடங்காகத் தெரிகிறது. ஹாரியை இழுக்கும் இறந்தவர்களின் உடல்கள் அதன் எதிரில் வெறும் கருவடிவங்களாகிவிடுகின்றன. படம் முழுக்கச் சிவப்பைச் சேமித்து வைத்தது வீண்போகவில்லை என்பேன். அந்த நெருப்பு, விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனமான ஐஎல்எம் கணினியில் உருவாக்கியது. முழுத் தீயையும் முப்பரிமாணத்தில் நுணுக்கமாகக் கணக்கிட்டால் கணினி திணறும். அதனால் தீ நகரும் போக்கை மட்டும் பருமட்டாக முப்பரிமாணத்தில் கணக்கிட்டு, நுண்ணிய சுழிப்புகளைக் கேமராவை நோக்கி நிற்கும் இருபரிமாண அடுக்குகளாகப் பிரித்து கிராஃபிக்ஸ் சிப்புகளில் ஓட்டினார்கள்.

இதே படத்தை வீட்டில் பார்த்துவிட்டு "ஒன்றுமே தெரியவில்லை" என்பவர்கள் அநேகம். அவர்கள் சொல்வது சரிதான். விளக்கு எரியும் அறையில் டிவியை அணைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள்: அது கறுப்பல்ல, சாம்பல். அந்த அறையில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சக் கறுப்பு அவ்வளவுதான். நிழலில் இருக்கும் ஒரு சட்டை மடிப்பின் ஒரு பக்கம் 0.1 கேண்டெலா, மறுபக்கம் 0.4 என்று வைத்துக்கொள்வோம். நான்கு மடங்கு வித்தியாசம், நன்றாகவே தெரியும். அறை விளக்கின் பிரதிபலிப்பு இரண்டின்மேலும் 2 கேண்டெலாவைச் சேர்த்தால் 2.1, 2.4 ஆகிவிடும். நான்கு மடங்காக இருந்தது ஏறக்குறைய 1.14 மடங்காகச் சுருங்கி, மடிப்பு மறைந்துபோகும்.

வீடியோ கோப்பும் தன் பங்குக்குக் கெடுக்கிறது. 8-பிட் வீடியோவில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை வழக்கமாக 220 ஒளிப் படிகள்தான். முழு வெண்மையின் நூற்றில் ஒரு பங்குக்குக் கீழே உள்ள நிழல் அனைத்துக்கும் சேர்த்து வருவது 32 படி அளவே. இணையத்தில் அனுப்ப வசதியாகக் கோப்பைச் சுருக்கும்போது அந்தச் சின்ன வித்தியாசங்களைத்தான் முதலில் துறக்கிறார்கள். குகைச் சுவர் பட்டை பட்டையாக, கட்டம் கட்டமாகத் தெரிவது அதனால். 10-பிட் கோப்பில் அதே நிழலுக்கு 130 படி வரை கிடைக்கும்.

டிவியின் பிரகாசத்தை ஏற்றினால் சரியாகிவிடும் என்று பலர் ரிமோட்டை எடுப்பார்கள். பல டிவிகளில் அந்தப் பட்டன் உண்மையில் கறுப்பைத்தான் உயர்த்துகிறது. நிழலோடு சேர்ந்து எல்லாமே சாம்பலாகும். விளக்கை அணையுங்கள். பட அமைப்பில் 'வீவிட்' என்று இருந்தால் 'சினிமா'வுக்கு மாற்றுங்கள், காட்சிக்குக் காட்சி பிரகாசத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியையும் நிறுத்திவிடுங்கள். டெல்போனல் விட்டுவைத்த நிழல்களில் பெரும்பகுதி அதிலேயே திரும்பக் கிடைத்துவிடும்.