ஊருக்குப் போனால் பிரஷர் போய்விடாது

தீபாவளி முடிந்த பிறகும் பொங்கல் முடிந்த பிறகும் என் கிளினிக்கில் ஒரே பேச்சுதான். “ஊர்ல இருந்தவரைக்கும் நல்லாத்தான் டாக்டர் இருந்துச்சு. மெட்ராஸ் வந்து இறங்கினதும் தலைவலி ஆரம்பிச்சிடுச்சு.” மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டால் தலை குனிந்துகொள்ளும். “டென்ஷனால வர்ற பிரஷர்தானே? ஊர்ல ஏது டென்ஷன்? அதான் நிறுத்திட்டேன்.”

இனி இதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியாது. பொங்கலுக்குப் பிறகு வந்த ஒருவருக்கு 36 வயது. (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தென்காசிப் பக்கத்துக்காரர். வீடு அம்பத்தூர், வேலை சிறுசேரி. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். கண் மங்கலாகத் தெரிகிறதே, கண்ணாடி பவர் மாறியிருக்குமோ என்று கண் டாக்டரிடம் போயிருக்கிறார். விழித்திரையைப் பார்த்த அவர் உடனே என்னிடம் அனுப்பிவிட்டார். பிரஷர் 210/124. சிறுநீரில் புரதம் போகிறது. அன்றே அட்மிஷன். தீபாவளிக்கு ஊரில் மெடிக்கல் ஷாப்பில் பார்த்தபோது 126/82 இருந்ததாம். அத்தோடு மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்.

அந்த 126 ஊர்க்காற்றால் வந்தது என்று அவர் நம்பினார். மாத்திரையால் வந்தது. நாங்கள் அதிகம் எழுதித் தரும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை, நிறுத்திய மறுநாளே உடம்பை விட்டுப் போய்விடாது. சில நாள் தங்கியிருந்து வேலை செய்யும். அந்தச் சில நாளும் நாம் ஊரில்தான் இருப்போம். இரண்டு நாள் நன்றாகத் தூங்கியிருப்போம், அம்மா கையால் சாப்பிட்டிருப்போம். மெஷினில் நம்பர் நன்றாக வரும். “பாத்தீங்களா, எல்லாம் சென்னை பண்ற வேலை” என்று முடிவு கட்டிவிடுவோம். திரும்பி வந்த பிறகு ஏறுவதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. பிரஷர் ஏறினால் தலைவலி வரும், படபடப்பு வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே வராது. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் சிறுநீரகத்தையும் கண்ணையும் இதயத்தையும் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

பிரஷர் பட்டணத்து நோய் என்று இன்னும் நம்புகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளி என்ற கிராமத்தில். வயலில் வேலை செய்கிறவருக்கும் பிரஷர் இருக்கிறது. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம். ஊறுகாய், கருவாடு, அப்பளம், பொடி என்று உப்பை நாம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் அள்ளிப் போட்டுக்கொள்கிறோம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு டீஸ்பூன் அளவுகூட வராது.

சரி, அப்படியானால் நகரம் ஒன்றுமே செய்வதில்லையா? செய்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35–40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சொன்னன. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்புக்கு வழிவகுப்பவற்றில் மன உளைச்சலையும் சேர்த்தது. அதே பட்டியலில் சிகரெட், பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, தொப்பை எல்லாம் இருக்கின்றன. நம் ஆட்கள் டென்ஷனை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். டென்ஷன் என்றால் பழியைச் சென்னைமேல் போட்டுவிடலாம். சிகரெட் என்றால் நாம்தான் விட வேண்டும்.

என் நோயாளிகளிடம் நான் பார்ப்பதில் மிகப் பெரிய சேதம் தூக்கத்தில்தான். இரவு பத்தரைக்கு வீடு, பதினொன்றுக்குப் பரோட்டாவோ பிரியாணியோ, ஒரு மணிவரை போன், காலை ஐந்தரைக்கு அலாரம். குடியிருப்புப் பகுதியில் இரவுச் சத்தம் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. மெயின் ரோட்டை ஒட்டிக் குடியிருப்பவர்களிடம் அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தூங்கும்போது இறங்க வேண்டிய பிரஷர் இவர்களுக்கு இறங்குவதே இல்லை.

சென்னைக்காரர்கள் எரிந்து விழுகிறார்கள் என்று புகார் சொல்லாதவர் கிடையாது. என் வெயிட்டிங் ஹாலிலேயே பார்க்கிறேன். டோக்கன் தள்ளிப்போனதற்காக ஒருவர் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணை வாய்க்கு வந்தபடி பேசினார். உள்ளே வந்ததும் விசாரித்தால், காலையிலிருந்து இரண்டு டீ மட்டும், தாம்பரத்திலிருந்து நின்றுகொண்டே வந்திருக்கிறார். அவர்மேல் எனக்குப் பரிவு உண்டு. ஆனால் அவர் கத்திவிட்டுப் போய்விடுவார். அந்தப் பெண் சாயங்காலம்வரை அதே நாற்காலியில் இருக்க வேண்டும். வாட்ச்மேன், டெலிவரி கொண்டுவரும் பையன், கால் சென்டரில் பேசுகிறவர், கண்டக்டர் என்று திட்டு வாங்குவதே பாதி வேலையாகிப்போனவர்கள் எங்களிடம் வரும்போது நெஞ்செரிச்சல் என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் பேசவிட்டால்தான் தூங்கிப் பல நாள் ஆயிற்று என்பது தெரியும். தயவுசெய்து அவர்களிடம் குரலை உயர்த்தாதீர்கள். உங்கள் அவசரத்துக்கு அவர்கள் காரணம் இல்லை.

“பேசாம ஊருக்கே போயிடலாமா டாக்டர்?” என்று பலர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. தி.நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் பெண் கால் வீக்கத்துக்காக வருவார். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. அவர் இன்னும் பகல் முழுக்க நிற்கிறார். ஊருக்குப் போகிறாயாம்மா என்று கேட்டேன். “மாட்டேன் டாக்டர். இங்க திட்டுறாங்கதான். ஆனா எங்க போற, யாரோட பேசுறன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க” என்றார். அவருக்கு இந்த நகரம் தருவது சம்பளத்தைவிடப் பெரியது. நான் மறுபேச்சுப் பேசவில்லை. கால் உறையும், மதியம் அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்று கடைக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன்.

அம்பத்தூர்க்காரர் கணக்கு வேறு. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ரோட்டில், மாதம் 22 நாள் என்றால் 88 மணி நேரம். எட்டு மணி நேர ஷிஃப்டாகப் பார்த்தால் 11 நாள் சம்பளமில்லாத வேலை. சம்பளத்தில் வாடகையைக் கழித்துவிட்டு லாபம் என்று சொல்கிறவர்கள் இந்த 11 நாளையும் கழித்துப் பார்க்க வேண்டும். அதற்காக நாளைக்கே ராஜினாமா எழுத வேண்டாம். பிரஷர் கட்டுக்குள் வந்து, சில வாரம் ஏழு மணி நேரம் தூங்கி எழுந்த பிறகு முடிவெடுங்கள். ஊரை மாற்றும் முன் வீட்டை மாற்ற முடியுமா, வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கிடைக்குமா என்று கேளுங்கள். அவரிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

30 வயது தாண்டிய எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறையாவது பிரஷர் பாருங்கள். மாடி ஏறி வந்த மூச்சோடு பார்க்காதீர்கள்; அரை மணி நேரம் முன்பு காபி, சிகரெட் கூடாது; ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு, சட்டைக் கைமேல் கட்டாமல் வெறும் கையில் பாருங்கள். பெரிதாகக் குறட்டை விட்டுப் பகலெல்லாம் தூங்கி வழிகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நெஞ்சு அழுத்தினால் கேஸ் என்று சோடா குடிக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். வாய் கோணினாலோ ஒரு பக்கக் கை தொங்கினாலோ அப்படியே. மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்து பேசலாம், காசு கிடையாது.

அப்புறம், ஊருக்குக் கிளம்பும்போது மாத்திரையைப் பஸ் டிக்கியில் போகும் பெட்டியில் வைக்காதீர்கள். கைப்பையில் வையுங்கள், போகிற நாளைவிட நாலு நாளைக்குக் கூடுதலாக. ஊரில் நம்பர் நன்றாக வந்தால் சந்தோஷப்பட்டுவிட்டு அன்றைய மாத்திரையையும் போட்டுக்கொள்ளுங்கள்.