அழுகண்ணியின் பசி

ஐப்பசி மழை நான்கைந்து முறை நன்றாகப் பெய்து ஓய்ந்த பிறகு மேலூர்ப் பக்கத்துப் பாறைக் குன்று ஒன்றில் ஏறினேன். பாறை மேலிருந்து கசிந்து இறங்கும் நீர் மணலை நனைத்தபடி ஓடிய ஓரிடத்தில், ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமே உள்ள செந்நிறச் செடிகள் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன. நின்று பார்த்தால் சிவந்த பாசி என்றே தோன்றும். மண்டியிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்தபோதுதான், சிறு கரண்டி போன்ற இலைகள் சக்கரமாக விரிந்திருப்பதும், ஒவ்வோர் இலையிலும் மயிரிழை போன்ற காம்புகள் நிற்பதும், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் கண்ணீர் போல ஒரு துளி நிற்பதும் தெரிந்தன. உச்சி வெயிலிலும் அந்தத் துளி காயவில்லை. அழுகண்ணி என்று இதற்குப் பெயர் வைத்தவர் இதை அருகிலிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். நாட்டு மருந்தில் வேறு செடியையும் இதே பெயரால் அழைப்பதுண்டு. நான் சொல்வது தாவரவியலார் டிரோசெரா பர்மானி என்று குறிக்கும் பூச்சியுண்ணும் செடியை. இதன் உறவினமான டிரோசெரா பெல்டேட்டா கொடைக்கானல் மலையின் ஈரப் புல்வெளிகளில் வளர்கிறது.

இந்தக் குடும்பத்தின் மிகப் புகழ்பெற்ற உறுப்பினர் வாழ்வதோ பின்லாந்து, சுவீடன், ஸ்காட்லாந்து, கனடா போன்ற வடநாடுகளின் குளிர்ந்த சதுப்புகளில். வட்ட இலைகளைக் கொண்ட அந்த இனம் டிரோசெரா ரொட்டுண்டிபோலியா. ஆண்டில் பல மாதங்கள் உறைந்து கிடக்கும் நிலத்துக்கும், சித்திரையில் கால் வைக்க முடியாமல் சுடும் நம் பாறைக்கும் பொதுவாக என்ன இருக்க முடியும் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். விடை அந்த மண்ணின் வறுமையில் இருக்கிறது.

வடநாட்டுச் சதுப்பை உருவாக்குவது ஸ்பாக்னம் என்னும் பாசி. அதன் இலைகளில் உயிருள்ள பச்சைச் செல்களுக்கு இடையே, இறந்து வெறும் கூடாகிவிட்ட பெரிய செல்கள் துளைகளோடு அமைந்திருக்கின்றன. அவை பஞ்சு போல நீரை உறிஞ்சித் தேக்குவதால், பாசி தன் உலர்ந்த எடையைப் போலப் பதினைந்து, இருபது மடங்கு நீரைத் தாங்கி நிற்கிறது. நீரில் கரைந்துள்ள கால்சியம் போன்ற தாதுக்களைப் பிடித்துக்கொண்டு அதற்கு ஈடாக ஹைட்ரஜன் அயனிகளை வெளியிடுவதால், சுற்றியுள்ள நீரையும் அது அமிலமாக்கிவிடுகிறது. அமிலமும் குளிரும் ஆக்சிஜன் பற்றாக்குறையும் சேர்ந்த இடத்தில் மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் முடங்கிப்போகின்றன. எனவே செத்த பாசி மட்காமல், ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்ற கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்ந்து பீட் எனப்படும் கரிமண்ணாகிறது. டென்மார்க்கில் 1950ஆம் ஆண்டு இத்தகைய மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு மனிதரின் உடல், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் புதைந்திருந்தும், முகத்தின் சுருக்கங்கள்கூடக் கலையாமல் இருந்தது. எதுவும் மட்காத மண்ணில் செடிகளுக்கு எருவும் கிடைக்காது. நைட்ரஜன் முழுவதும் பீட்டுக்குள் பூட்டப்பட்டிருக்க, வேர்களுக்கு மிஞ்சுவது மழைநீர் கொண்டுவரும் சொற்பமே.

நம் பாறைச் சரிவில் பூட்டு வேறு விதமானது. கருங்கல்லின் மேல் நான்கு விரற்கடை மணலே இருக்கிறது, அதன் வழியே மழைக்காலம் முழுவதும் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது. நைட்ரேட் நீரில் எளிதில் கரையும் உப்பு என்பதால், அங்கே உருவாகும் கொஞ்சமும் நிற்காமல் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ஆகவே மேலூரிலும் பின்லாந்திலும் அழுகண்ணிக்கு வாய்த்திருப்பவை மூன்றுதான்: தடையில்லாத வெயில், தாராளமான நீர், எருவே இல்லாத மண்.

இந்த நிலையில் நைட்ரஜனைப் பூச்சியின் உடலிலிருந்து எடுப்பது எப்படி என்பதை முதலில் பொறுமையாக ஆராய்ந்தவர் சார்லஸ் டார்வின். 1860ஆம் ஆண்டு கோடையில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் இச்செடியின் இலைகளில் ஏராளமான பூச்சிகள் ஒட்டியிருப்பதைக் கண்ட அவர், பதினைந்து ஆண்டு சோதனைகளுக்குப் பின் 1875இல் அவற்றை நூலாக வெளியிட்டார். 31 இலைகளில் உள்ள காம்புகளை எண்ணி, இலைக்குச் சராசரியாக 192 என்று குறித்திருக்கிறார். 0.000822 மில்லிகிராம் எடையுள்ள தலைமயிர்த் துண்டு ஒன்றைச் சுரப்பி மேல் வைத்தபோதுகூட அந்தக் காம்பு வளைந்தது. ஆனால் அதைவிடப் பல மடங்கு கனமான மழைத்துளிகள் விழுந்தால் அது அசைவதில்லை. மழையில் வாழும் செடி ஒவ்வொரு துளிக்கும் கையை மடக்கிக்கொண்டிருந்தால் பிழைக்காது என்பதை நினைக்கையில், இந்தப் பாகுபாடு எனக்கு அதன் கூருணர்வைவிடப் பெரிய வியப்பாகப் படுகிறது.

அன்று குன்றில் நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு சிற்றெறும்பு இலையின் விளிம்பை மிதித்தது. முன்னங்கால் துளியில் பட்டவுடன் அதை இழுத்தது. வெல்லப்பாகு நூல் விடுவது போலத் துளி நீண்டதே தவிர அறுபடவில்லை. மற்றொரு காலை ஊன்றி உந்தியபோது அதுவும் ஒட்டிக்கொண்டது. விளிம்பில் இருந்த நீண்ட காம்புகள் அதற்குள் உள்நோக்கி மடிந்து எறும்பை இலையின் நடுவுக்குத் தள்ளிவிட்டன. வடநாட்டு இனத்தில் இந்த வளைவு தொடங்கவே ஒரு நிமிடம் வரை ஆகலாம், இலை முழுவதும் சுருண்டுகொள்ளப் பல மணி நேரம் பிடிக்கும். நம்மூர் இனத்தின் விளிம்புக் காம்புகளோ சில நொடிகளில் மடிந்துவிடுகின்றன.

எறும்பின் துள்ளலே அதற்கு எதிராக வேலை செய்கிறது. சுரப்பித் தலை மீண்டும் மீண்டும் அசைக்கப்படும்போது, நம் நரம்புகளில் ஓடுவதை ஒத்த மின்துடிப்பு காம்பின் வழியே இறங்குகிறது, உடனே காம்பின் ஒரு பக்கத்துச் செல்கள் மறுபக்கத்தைவிட நீண்டு அதை வளைக்கின்றன. தொடர்ந்து ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன் இலையில் பெருகி, செரிமானச் சுரப்புகளுக்கு ஆணையிடுகிறது. பூச்சிகள் உடலின் பக்கவாட்டில் உள்ள துளைகளால் மூச்சு விடுபவை; பசை அந்தத் துளைகளை அடைத்ததும் அவை மூச்சுத் திணறி இறக்கின்றன. பிறகு புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும், பூச்சியின் மேலோட்டைத் தாக்கும் கைட்டினேஸ் நொதியும் ஊறி வருகின்றன. எந்தச் சுரப்பி பசையைச் சுரந்ததோ அதே சுரப்பியே கரைந்த சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. சில நாட்களில் இலை மீண்டும் விரியும்போது, உள்ளீடற்ற ஓடு மட்டும் காற்றில் உதிரக் காத்திருக்கும்.

இதைக் கொண்டு அழுகண்ணியைப் புலால் தின்று வாழும் செடி என்று சொல்வது பிழை. உடலைக் கட்டும் மாவுச்சத்தை அது மற்ற செடிகளைப் போலவே வெயிலிலிருந்துதான் சமைக்கிறது. பூச்சி அதற்கு எரு. அந்த எருவுக்கு அது கொடுக்கும் விலையும் பெரிது. பசைக்கும் நொதிக்கும் செலவழித்த இலை, ஒளிச்சேர்க்கையில் சாதாரண இலையைவிட மந்தமாகவே இருக்கிறது. வெயிலும் நீரும் மிகுந்து எரு மட்டும் குறைந்த இடத்தில்தான் இந்த வரவுசெலவு கட்டுப்படியாகும் என்று தாவரச் சூழலியலாளர் தாமஸ் கிவ்னிஷ் 1984இல் விளக்கினார். நிழலடர்ந்த காட்டில் அழுகண்ணியைக் காண முடியாததற்கு இதுவே காரணம்.

சதுப்பிலும் வடகாடுகளிலும் மற்ற செடிகள் இதே பசியைப் பூஞ்சைகளின் துணையோடு தீர்த்துக்கொள்கின்றன. ஹீதர் என்னும் குறும்புதரின் குடும்பத்துச் செடிகளின் மெல்லிய வேர்களுக்குள் குடியிருக்கும் பூஞ்சை, பீட்டுக்குள் பூட்டிய நைட்ரஜனை நொதிகளால் உடைத்து வேருக்குத் தந்து, மாற்றாகச் சர்க்கரையைப் பெறுகிறது. கொடைக்கானல் சோலை ஓரங்களில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசும் இதே குடும்பம்தான். இன்னும் விசித்திரமானது, வட அமெரிக்கக் காடுகளிலும் இமயமலையிலும் முளைக்கும் மோனோட்ரோபா. பச்சையமே இல்லாமல் மெழுகு வெண்மையாக நிற்கும் அந்தச் செடி, மரவேர்களோடு இணைந்து வாழும் ருசுலா வகைக் காளான்களிடமிருந்து, மரம் கொடுத்த சர்க்கரையைத் தான் எடுத்துக்கொள்கிறது. காளானுக்கு அது எதையும் திருப்பித் தருவதாகத் தெரியவில்லை.

வறுமை நீங்கினால் அழுகண்ணி என்ன ஆகும்? சுவீடனின் சதுப்புகளில் செய்த ஆய்வொன்றை 2012இல் வெளியிட்டார்கள். காற்றில் கலந்த மாசு வழியே நைட்ரஜன் அதிகம் விழும் சதுப்புகளில் வட்ட இலை இனம் வேர் வழியே கூடுதலாக எடுத்துக்கொண்டு, பூச்சிகளிடமிருந்து பெறும் பங்கைக் குறைத்துக்கொண்டிருந்தது. அந்த மட்டும் அது சமாளிக்கிறது. எரு மேலும் கூடினால் புல்லும் புதரும் ஓங்கி வளர்ந்து வெயிலை மறைத்துவிடும், தரையோடு கிடக்கும் செடியால் அதைத் தாங்க முடியாது.

இதை மேலூர்க் குன்றிலேயே பார்த்தேன். அடிவாரத்தில் முந்தைய கோடையில் ஆட்டுக்கிடை போட்டிருந்ததாக அங்கிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார். வயலுக்குக் கிடை வளம். காசு கொடுத்துக் கிடை போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கிடை இருந்த இடத்தில் கசிவுநீர் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. அதை விலக்கி விலக்கித் தேடியும் ஓர் அழுகண்ணிகூடக் கண்ணில் படவில்லை. இருபது அடி மேலே, ஆட்டுப் புழுக்கை ஒன்றும் கிடக்காத வெறும் மணலில், தை மாதத்துக்குள் பூத்து விதைத்து மடிய வேண்டிய அவை நெருக்கமாகச் சிவந்திருந்தன. சிலவற்றில் ஒரு சாண்கூட வராத பூந்தண்டும் எழும்பத் தொடங்கியிருந்தது.